மருத்துவரைக் காணாத ஆறு நாள்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றால் இசை உண்டு, நாடகம் உண்டு, பட்டிமன்றம் உண்டு. அவற்றுக்கிடையே உளநோய் பற்றியும் ஒரு சொற்பொழிவு வேண்டும் என்று சங்கத்தார் விரும்பியது துணிவான செயல் என்றே கூறவேண்டும். உடல்நோயைப் பற்றிப் பேசும்போது நாம் குரலைத் தாழ்த்துவதில்லை. சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று திருமண வீட்டுப் பந்தியிலேயே ஒருவரை ஒருவர் வினவிக்கொள்கிறோம். உளநோய் என்றால் மட்டும் குரல் தாழ்கிறது. அறைக் கதவு சாத்தப்படுகிறது.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார் 2015-16-இல் 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர்க்கு அப்போது ஏதேனும் ஓர் உளநோய் இருந்தது என்பதும், நோய்க்கு நோய் வேறுபட்டாலும் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருந்தனர் என்பதும் அதில் தெரியவந்தன. ஆகவே, மருத்துவரிடம் சென்றவர் ஒருவர் இருந்தால், அவர் ஒரு பெரிய மதிலைத் தாண்டியவர் என்று கொள்ளலாம். அப்படித் தாண்டியவர்களிலும் பலர் இரண்டு மூன்று முறை சென்றபின் நின்றுவிடுகின்றனர். காரணம் கேட்டால், "அவர் பேசிக்கொண்டே இருந்தார், மருந்துகூட எழுதவில்லை, நோட்டுப் புத்தகம் வாங்கி ஏதேதோ எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதற்கா அவ்வளவு கட்டணம்?" என்கின்றனர். இக் கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் ஒரு வகையினர். மருந்து எழுதாமல், பேச்சினாலும் பயிற்சியினாலும் நோய் தீர்க்கும் உளவியலார் மற்றொரு வகையினர். சிலர் இரண்டும் செய்வர். இன்று நாம் உளமருத்துவர் என்று குறிப்பது பேச்சினாலும் பயிற்சியினாலும் மருத்துவம் செய்பவரையே.

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். அதில் உளமருத்துவரின் முன் நாம் அமர்ந்திருப்பது 45 அல்லது 50 நிமிடம். அவர் எத்துணைத் திறம் வாய்ந்தவராயினும், எஞ்சிய 167 மணி நேரமும் நாம் பழைய வழியிலேயே எண்ணி, பழைய வழியிலேயே அஞ்சி, பழைய வழியிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அந்த 50 நிமிடம் என்ன செய்துவிட முடியும்? மாதுங்காவிலோ செம்பூரிலோ இசை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். வாரத்திற்கு இரண்டு நாள் வந்து அவர் பாடம் சொல்கிறார். வீட்டில் சாதகம் செய்த குழந்தை எது, செய்யாத குழந்தை எது என்பது சரளி வரிசை தொடங்கிய உடனே அவருக்குத் தெரிந்துவிடும். சாதகம் செய்யாத குழந்தையின் வீட்டில்தான், "இந்த வாத்தியார் சரியில்லை; வேறு வாத்தியாரைப் பார்க்கலாம்" என்ற பேச்சும் எழும். உளமருத்துவத்திலும் இதுவே நிகழ்கிறது. மருத்துவரின் அறையில் நிகழ்வது பாடம். வீட்டிலும் தெருவிலும் அலுவலகத்திலும் நாம் செய்வது சாதகம். நோய் தணிவது பெரும்பாலும் சாதகத்தினால்தான்.

இவ் வுண்மை எல்லாக் காலத்திலும் உணரப்பட்டதாகக் கூற இயலாது. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு மருத்துவம் செய்த காலத்தில் நோயாளி கிட்டத்தட்ட நாள்தோறும் அவரிடம் சென்று படுத்துப் பேசினார். வீட்டுப் பாடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் அவரே 1918-இல் புடாபெஸ்டில் நிகழ்த்திய உரையில், தெருவில் இறங்க அஞ்சுவோர்க்கு அவ் வச்சத்தின் காரணத்தை ஆராய்ந்து சொல்வது மட்டும் போதாது, அவர்கள் தெருவில் இறங்கி அச்சத்தோடு போராடும்படி செய்யவேண்டும் என்ற கருத்தைக் கூறினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜோசப் வோல்ப்பி, அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை 1958-இல் நூலாக வெளியிட்டார். தசைகளைத் தளர்த்தும் பயிற்சியை வீட்டிலும் நாள்தோறும் செய்துவரவேண்டும் என்பது அவர் முறையின் ஒரு பகுதி. பிலடெல்பியாவில் ஆரன் பெக் 1960-களில் காக்னிடிவ் தெரபி என்னும் முறையை வகுத்தபோது வீட்டுப் பயிற்சியும் முறையின் உறுப்பாகிவிட்டது. அவரும் துணைவர் மூவரும் மனச்சோர்வு மருத்துவம் பற்றி 1979-இல் வெளியிட்ட நூலில் நாள்தோறும் எழுதவேண்டிய எண்ணப் பதிவேட்டைக் காணலாம். இன்று நம் ஊர் உளமருத்துவர் வாங்கச் சொல்லும் நோட்டுப் புத்தகம் அப் பரம்பரையில் வந்தது.

இதற்குச் சான்று உண்டா என்று கேட்பது நியாயமே. கசான்சிஸ் என்னும் உளவியலாரும் அவருடன் பணியாற்றியோரும் 27 ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வீட்டுப் பயிற்சி சேர்ந்த மருத்துவம் மிகுந்த பயன் அளித்தது என்றும், பயிற்சியைச் செய்தவர் செய்யாதவரைவிட நலம் அடைந்தனர் என்றும் அத் தொகுப்பு காட்டிற்று. நலம் பெறத் தொடங்கியவர்தாம் பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறார் என்று மாற்றிச் சொல்லவும் இடமுண்டு. அவ் வாதத்தில் ஓரளவு உண்மையும் இருக்கக்கூடும். ஆனால் நமக்கு மிக அருகே, கோவாவில் நடைபெற்ற முயற்சி ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துக் கூறுவது பொருந்தும்.

மருத்துவர் விக்ரம் படேலும் 'சங்கத்' என்னும் தொண்டு நிறுவனத்தாரும் கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். கடும் மனச்சோர்வுற்ற 495 பேர் அதில் பங்குகொண்டனர். ஒரு பாதியினர்க்கு வழக்கமான மருத்துவம். மற்றொரு பாதியினர்க்கு அதனோடு, ஆலோசகர் ஒருவர் 6 முதல் 8 முறை சந்தித்துப் பேசும் மருத்துவம். அந்த ஆலோசகர்கள் உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர்; அப் பணிக்கென்றே பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். அவர்கள் கற்பித்ததும் சிக்கலான ஒன்றன்று. மனம் எழும்பட்டும், பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திராமல், சிறு செயலில் முதலில் இறங்குக. மனம் பின்னர் வரும் என்பதே அதன் சாரம். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் அடுத்த சந்திப்புக்குள் செய்யவேண்டிய செயல்களை நோயாளியும் ஆலோசகரும் சேர்ந்து வகுத்தனர். 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, இம் மருத்துவம் பெற்றோரில் 64 விழுக்காட்டினர்க்கு நோய் தணிந்திருந்தது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் அது 39 விழுக்காடே. லான்செட் என்னும் மருத்துவ இதழில் 2017-இல் இம் முடிவு அச்சாயிற்று. அவர்களையே ஓராண்டு கழித்து மீண்டும் ஆராய்ந்தபோதும் நலம் நீடித்திருந்தது. நோயாளி தம் அன்றாட வாழ்க்கையில் எந்த அளவு செயலில் இறங்கினாரோ அதன் வழியாகவே அந் நலத்தின் பெரும்பங்கு வந்தது என்பதும் தெரிந்தது. ஆலோசகரின் எதிரே அமர்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு பகற்பொழுதுகூட ஆகாது. வேலை நடந்தது வீட்டில்.

இனி அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்.

மனச்சோர்வுற்றவர்க்குப் பெரும்பாலும் முதலில் தருவது நாள் அட்டவணை. காலை 6 மணி முதல் இரவு வரை ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தோம் என்று ஓரிரு சொல்லில் குறிக்கவேண்டும். அருகே இரண்டு மதிப்பெண்: செய்து முடித்தோம் என்ற நிறைவுக்கு ஒன்று, கிடைத்த இன்பத்திற்கு ஒன்று. "ஒரு வாரமாக நான் எதுவுமே செய்யவில்லை" என்று கூறிக்கொண்டு வருபவரின் ஏட்டில், செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்ததும், புதன்கிழமை ஊரிலுள்ள அக்காளோடு தொலைபேசியில் பேசியதும், பேசியபின் இன்பம் 0-இலிருந்து 3-க்கு ஏறியதும் காணப்படும். சோர்வுற்ற மனம் இத்தகைய சிறு ஏற்றங்களை நினைவில் வைப்பதில்லை, தாள் வைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் அக்காளோடு பேசுவதை இரு நாளாக்கலாம் என்று மருத்துவர் கூறுவது அத் தாளைப் பார்த்துத்தான்.

அடுத்தது எண்ணப் பதிவு. பெக் தம் நோயாளிகளிடம் கண்டது என்னவெனில், அவர்கள் வாய்விட்டுக் கூறும் எண்ணங்களுக்கு அடியில் வேறோர் எண்ண ஓட்டம் இருந்தது. அது மின்னல்போல் தோன்றி மறைவது. நாம் கேள்வி கேட்காமலே நம்பிவிடுவது. வியாழக்கிழமை மருத்துவரைக் காணும்வரை அதனை நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆதலின், தோன்றிய அன்றே குறித்துக்கொள்ளவேண்டும். தாளில் ஐந்து கட்டங்கள்: என்ன நிகழ்ந்தது, என்ன உணர்ச்சி எழுந்தது, 100-க்கு எவ்வளவு, அந் நொடியில் தோன்றிய எண்ணம் யாது, அதற்கு ஈடாக நாம் கூறக்கூடிய மாற்று எண்ணம் யாது, அதன்பின் உணர்ச்சி எவ்வளவாயிற்று. அலுவலகத்தில் மேலதிகாரி நம்மைப் பாராமல் கடந்து சென்றார் என்று வைத்துக்கொள்வோம். துயரம் 80. தோன்றிய எண்ணம்: "நான் எதற்கும் லாயக்கில்லை, இந்த மாதம் என்னை நீக்கிவிடுவார்கள்." இதற்குச் சான்று என்ன? அவர் கையில் தொலைபேசி இருந்தது. அடுத்த மேசைக்காரரையும் அவர் பார்க்கவில்லை. சென்ற வாரந்தான் நம் அறிக்கையைப் பாராட்டினார். இவற்றையெல்லாம் எழுதியபின் துயரம் 80-இலிருந்து 50-க்கு இறங்கினாலே போதும். 0-க்கு இறங்கவேண்டும் என்று எந்த மருத்துவரும் எதிர்பார்ப்பதில்லை. வலிந்து நல்லதையே நினைக்கும் பயிற்சியென்றும் இதனைக் கருதவேண்டா. வழக்குமன்றத்தில் இரு தரப்பையும் கேட்பதுபோன்றது இது. சில சமயம் எண்ணம் உண்மையென்றே தீர்ப்பாகும். அப்போது ஆகவேண்டியதைப் பார்க்கலாம்.

இவ்விடத்தில், வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒரு செய்தி உண்டு. நம் உளமருத்துவர் மராத்தியராகவோ குஜராத்தியராகவோ இருப்பார். நாம் அவரிடம் ஆங்கிலத்தில் பேசுவோம், அல்லது இந்தியில் பேசுவோம். ஆகையால் பதிவேட்டையும் ஆங்கிலத்திலேயே எழுத முற்படுகிறோம். ஆனால் அடிமனத்து எண்ணம் ஆங்கிலத்தில் தோன்றுவதில்லை. "நாலு பேர் என்ன நினைப்பார்கள்", "சம்பந்தி வீட்டார் முன் மானம் போயிற்று", "என் தலையெழுத்து" என்று தமிழில்தான் தோன்றுகிறது. லாயக்கில்லை என்ற சொல்லில் உள்ள அடி, ஆங்கிலத்தில் மாற்றி எழுதியவுடன் மென்மையாகிவிடுகிறது. மானம் என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்லை எழுதுவது? மொழிபெயர்க்கும்போது எண்ணம் கற்றவர் முன் வைக்கத்தக்க வேடம் பூண்டுகொள்கிறது. வேடம் பூண்ட எண்ணத்தைச் சான்று கேட்டு என்ன பயன்? எனவே, தோன்றிய சொல்லிலேயே எழுதுங்கள். மருத்துவரிடம் காட்டும்போது அதற்குப் பொருள் கூறலாம். அப்படிக் கூறுவதே ஒரு நல்ல உரையாடலாக அமையும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவர்கள் இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ தமிழ்ச் சொல்லை எழுதிக்கொள்ளட்டும். உளமருத்துவத்தில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தமிழாசிரியப் பெருமக்கள் இதற்கு நம்மைப் பொறுத்தருள்வாராக.

மூன்றாவது, அச்ச நோய்க்குரிய பயிற்சி. மும்பையில் வாழ்வோர்க்கு விளங்கும்படி ஒருவரை நாமே புனைந்துகொள்வோம். அவர் சயானில் குடியிருக்கிறார். அலுவலகம் சிவாஜி முனையத்திற்கு அருகே. ஒரு நாள் கூட்டம் நிறைந்த மின்வண்டியில் நெஞ்சு படபடத்தது, வியர்த்தது, மூச்சு அடைத்தது, உயிர் போகிறது என்று எண்ணினார். மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்து, இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்றனர். அன்று முதல் அவர் வண்டி ஏறுவதில்லை. வாடகைக் காரில் செல்கிறார். ஊதியத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. வண்டியைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் மனம் ஆறுதல் அடைகிறது. அவ் ஆறுதலே, "தவிர்த்தாய், பிழைத்தாய்" என்று அச்சத்திற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. இந்நோயின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது.

இவர்க்கு மருத்துவர் ஓர் ஏணி கட்டுவார். முதற் படி: கூட்டம் குறைந்த முற்பகலில் சயான் நிலையத்தில் நடைமேடைச் சீட்டு வாங்கி 20 நிமிடம் நிற்பது. அவ்வளவே, வண்டி ஏறவேண்டா. அடுத்து, எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் துணையோடு மாதுங்கா வரை. ஒரே ஒரு நிலையம். பிறகு அதே தொலைவு தனியாக. பிறகு தாதர் வரை. அதன்பின் விரைவு வண்டியில் தாதர் முதல் பைகுல்லா வரை. இடையில் வண்டி நிற்காது என்பதால் இது கடினமான படி. இறுதியில், காலை நெரிசலில் அலுவலகம் வரை. ஒவ்வொரு படியிலும், ஏறுமுன் அச்சம் 100-க்கு எவ்வளவு, என்ன நேரும் என்று அஞ்சினோம், உண்மையில் என்ன நேர்ந்தது என்று மூன்று வரி எழுதவேண்டும். "மயங்கி விழுவேன்" என்று எழுதிவிட்டு ஏறியவர், படபடப்போடு மாதுங்காவில் இறங்கினார், விழவில்லை. இம் மூன்று வரியை அவர் மருத்துவரின் அறையில் எழுத இயலாது. சயான் நிலையத்தில்தான் எழுத இயலும்.

சிலர் நாள்தோறும் பயிற்சி செய்தும் பயன் இல்லை என்பர். சற்று உசாவினால், கைப்பையில் தண்ணீர்ப் புட்டி, சட்டைப் பையில் ஒரு மாத்திரை, வண்டியில் எப்போதும் கதவோரம், காதில் இடைவிடாத பாட்டு என்று அவர்கள் காப்பு அணிந்தே சென்றிருப்பர். மனம் என்ன கற்கும்? "மாத்திரை இருந்தது, பிழைத்தேன்" என்று கற்கும். ஆகவே காப்புகளையும் ஒவ்வொன்றாக விடவேண்டும். இன்னொன்று: அச்சம் அழிவதில்லை என்றும், அதன்மேல் புதிய அறிவு ஒன்று படிகிறது என்றும், அவ் வறிவு கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்றும் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். மருத்துவர் அறையில் தணிந்த அச்சம் நிலையத்தில் தலைதூக்குவது அதனால்தான். சயானில் பழகியதைத் தாதரிலும், மேற்கு வழித்தடத்திலும், மழை நாளிலும், மனம் நொந்த நாளிலும் பழகவேண்டும். (வாயிற்படியில் தொங்குவது எந்த மருத்துவ முறையிலும் பயிற்சி ஆகாது என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.)

மூச்சையும் தசையையும் அமைதிப்படுத்தும் பயிற்சிகள் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இலேயே தசைத் தளர்ச்சி பற்றி நூல் எழுதிவிட்டார். நம்மவர் அவற்றை எளிதில் கற்பர். ஆனால் மனம் அமைதியாக இருக்கும் நாளில் அவற்றைச் செய்யமாட்டார்கள். பதற்றம் முற்றியபோது செய்து பார்த்து, "இது வேலை செய்யவில்லை" என்பர். வெள்ளம் இடுப்பளவு வந்தபின் நீச்சல் கற்க இயலுமா? அமைதியான நாளில் 10 நிமிடம் பழகியதுதான் அமைதியற்ற நாளில் கைகொடுக்கும்.

இனி வீட்டார் பக்கம் திரும்புவோம். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தளிப்பவர். நான்காமவரை மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணியது வியக்கத்தக்கது. உளமருத்துவத்தில் அந் நான்காமவர் தாயாகவோ கணவராகவோ மனைவியாகவோ இருப்பர். அவர் அன்பே சில சமயம் நோய்க்கு உணவாகிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

"கதவைப் பூட்டினேனா?" என்று ஒரு பெண் தாயைக் கேட்கிறாள். "பூட்டினாய் அம்மா" என்கிறாள் தாய். ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி. அன்புள்ள தாய் பத்து முறை கேட்டால் பத்து முறையும் விடை கூறுகிறாள். கேள்வி இருபதாகிறது. இடைவிடாத ஐயமும், கை கழுவிக்கொண்டே இருத்தலும், தொட்டதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தலும் ஆகிய இந் நோயில், ஐயம் எழுந்தபின் சடங்கைச் செய்யாமல் பொறுத்திருத்தலே பயிற்சி. இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-இல் இரு நோயாளிகளிடம் இம் முறையைக் கையாண்டு எழுதியதிலிருந்து இது பரவிற்று. தாயின் விடையும் ஒரு சடங்குதான். அதற்காக, "போடி, உனக்கு வேறு வேலை இல்லை" என்று சீறுவது மருத்துவம் ஆகாது. மருத்துவர் முன்னிலையில் மூவரும் சேர்ந்து ஒரு சொற்றொடரை முடிவு செய்துகொள்வர்: "இதற்கு நான் விடை சொல்வதில்லை என்று நாம் பேசிக்கொண்டோம், நான் உன் பக்கத்திலேயே இருக்கிறேன், பொறுத்திரு." முதல் வாரம் அழுகை வரும். அழும் மகளின் அருகில் விடை கூறாமல் அமர்ந்திருப்பது தாய்க்கு எத்துணைக் கடினம் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் தாயும் பயிற்சிதான் செய்கிறாள்.

வீட்டார் செய்யத்தக்க மற்றவை எளியன. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் படியாதீர்கள். அது தேர்வு விடைத்தாள் அன்று, நாட்குறிப்பும் அன்று, புண்ணுக்குக் கட்டிய துணி. பிரித்துப் பார்த்தால் மறுநாள் முதல் அதில் பொய்தான் எழுதப்படும். ஓர் அறையும் சமையலறையும் மட்டும் உள்ள வீட்டில் தனிமை எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். மொட்டை மாடி உண்டு; எல்லாரும் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் சமையலறை மூலை உண்டு. 20 நிமிடம் போதும். "என்ன எழுதுகிறாய்?" என்று பாட்டி கேட்டால், "கணக்கு" என்று சொல்லிக்கொள்ளட்டும், அதிலும் உண்மை இருக்கிறது. வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில் நோட்டை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்துவைக்கும் நிலை இன்றும் இருக்கிறது. இது நம் சங்கம் வெட்கப்படவேண்டிய செய்தி, அப் பெண்ணல்ல.

ஏன் பலர் பயிற்சியைச் செய்வதில்லை? சோம்பல் என்று உடனே கூறிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் வேறு. பணி அளவுக்கு மிஞ்சியதாக இருந்திருக்கும். அல்லது என்ன செய்யவேண்டும் என்பது விளங்கியிராது. விளங்கவில்லை என்று மருத்துவரிடம் கூறக் கூச்சம். நம் பிள்ளைகள் பள்ளியில் பெற்ற பழக்கம், வீட்டுப் பாடம் முடிக்காவிட்டால் வகுப்புக்கே போகாமலிருப்பது. உளமருத்துவத்தையும் அப்படி நிறுத்திவிடுவோர் உளர். முடிக்காமலே செல்லுங்கள். "செவ்வாய்க்கிழமை ஏட்டைத் திறந்தேன், எழுத மனம் வரவில்லை, 'இதனால் என்ன ஆகப்போகிறது' என்று தோன்றிற்று" என்று கூறினால், அதுவே ஓர் எண்ணப் பதிவு, மருத்துவர்க்கு அது பொன். பணியைப் பாதியாக்கச் சொல்லிக் கேளுங்கள். காலைக் காப்பி குடித்தவுடன், அல்லது இரவு பல் துலக்குமுன் என்று ஏற்கெனவே உள்ள பழக்கம் ஒன்றோடு பயிற்சியை முடிந்துவைத்தால் மறதி குறையும்.

சில எச்சரிக்கைகள். ஏணியை நாமே கட்டிக்கொண்டு ஏறுவது எல்லார்க்கும் பொருந்தாது. பெருங்கொடுமைக்கு ஆளானவர்கள், அந் நினைவுகளைத் தாமே கிளறிப் பயிற்சி செய்தல் ஆகாது. அது மருத்துவரின் துணையோடு செய்யவேண்டியது. மனநல மருத்துவர் கொடுத்த மருந்தை, "இப்போது பயிற்சி செய்கிறேனே" என்று தாமாக நிறுத்துதலும் கூடாது. நெருக்கடி நேரத்தில் இடையிலே அழைக்கலாமா என்பதை முதற் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மார்ஷா லினெகன் வகுத்த முறையில், நோயாளி தம்மைத் துன்புறுத்திக்கொள்ளும் முன்பே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது எந்தப் பயிற்சியைக் கையாள்வது என்று கேட்பது மருத்துவத்தின் உறுப்பாகவே இருக்கிறது. அவரே இளமையில் கடும் உளநோயுற்று மருத்துவமனையில் இருந்தவர் என்பதனை 2011-இல் வெளிப்படையாகக் கூறினார். எல்லா மருத்துவரும் அவ்வாறு அழைப்பை ஏற்பதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த வியாழக்கிழமைக்குக் காத்திருத்தல் கூடாது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416, இரவும் பகலும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். இவ் வெண்ணை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

"எத்தனை நாள் இப்படி எழுதிக்கொண்டே இருப்பது?" என்பது அனைவரும் கேட்கும் இறுதிக் கேள்வி. மனச்சோர்வுக்கும் அச்ச நோய்க்கும் பெரும்பாலும் 12 முதல் 20 சந்திப்புகள். முதலில் வாரம் ஒரு முறை. நலம் கூடக்கூட இரு வாரத்திற்கு ஒரு முறை. பிறகு மாதம் ஒரு முறை. தொடக்கத்தில் அடுத்த வாரப் பணியை மருத்துவர் கூறுவார். நடுவில் இருவரும் சேர்ந்து முடிவு செய்வர். இறுதிச் சந்திப்புகளில் நோயாளியே கூறுவார், மருத்துவர் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசி நாளில் ஒரு பக்கம் எழுதவேண்டும்: நோய் மீண்டும் வருமாயின் முதலில் தோன்றும் அடையாளம் எது (தூக்கம் கெடுதலா, தொலைபேசியை எடுக்காமையா, குளிக்காமையா), அப்போது எந்தப் பயிற்சியை முதலில் தொடங்குவது, யாரை அழைப்பது. அப் பக்கத்தைக் கிழித்து, குடும்ப அட்டையும் காப்பீட்டுத் தாளும் உள்ள பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

ஐயம் வினவ விரும்புவோர் உணவுக்குப் பின் வரலாம். அவையில் கேட்கத் தயங்குவோர் தனியே வரலாம். நாம் இங்கேதான் இருப்போம்.